செண்டுடுக் வளர்த்து வண்டுகளை வரவழைப்பது: கோலாலம்பூர், பினாங்கு வீடுகளுக்கான முழு வழிகாட்டி

எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்குச் செண்டுடுக்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரப்பர் மரத்தடியிலும் செம்பனைக் காட்டின் ஓரத்திலும் களையென்று வெட்டிப் போட்ட அதே ஊதாப்பூச் செடிதான். அறிவியல் பெயர் மெலஸ்டோமா மலபாத்ரிகம். பல ஆண்டு வாழும் புதர், சாதாரணமாக ஒன்றரை முதல் மூன்று மீட்டர் உயரம் போகும், இங்கே ஆண்டு முழுவதும் பூக்கும். இந்த மண்ணுக்கே உரிய பூச்செடிகளில், கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சன் தேனீயை இவ்வளவு உறுதியாக வாசலுக்குக் கொண்டுவரும் செடிகள் குறைவு.

சாலையோர மேட்டில் யாரும் பார்க்காமலேயே தழைக்கும் இந்தச் செடி, வீட்டுத் தொட்டியில் ஆறு மாதத்தில் மஞ்சளாகிச் சாவதைப் பலர் பார்த்திருப்பார்கள். கவனிப்புக் குறைவால் அது சாவதில்லை. நல்ல மண், நிறைய உரம், கொஞ்சம் சுண்ணாம்பு என்று மற்றச் செடிகளுக்குச் செய்யும் உபசாரத்தை இதற்கும் செய்வதுதான் காரணம். கீழே உள்ள வரிசை முக்கியம். மண்ணைத் தயார் செய்யாமல் செடியை வாங்கி வராதீர்கள்.

1. சரியான செடிதானா என்று பாருங்கள்

முதல் தடுமாற்றம் இங்கேதான். செண்டுடுக் என்ற பெயரில் வேறு இரண்டு செடிகள் கைக்கு வந்து சேரும்.

ஒன்று, மலாய்க்காரர்கள் செண்டுடுக் புலு என்று சொல்லும் கிளிடெமியா. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இங்கே காட்டோரங்களை ஆக்கிரமிக்கும் செடி. இலையிலும் தண்டிலும் மென்மையான நீண்ட முடி நிமிர்ந்து நிற்கும். இலை சுருக்கம் விழுந்து, அடிப்பக்கம் இதய வடிவில் இருக்கும். பூ வெள்ளை, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். காய் உருண்டையாக, கருநீலமாக, பழுத்தாலும் வெடிக்காமல் இருக்கும். இதை வளர்க்கக் கூடாது. தோட்டத்தில் முளைத்தால் வேரோடு பிடுங்குங்கள்.

மற்றொன்று, நர்சரிகளில் விற்கும் திபுச்சினா. பிரேசில் செடி. இலை வெல்வெட் துணிபோல் இருக்கும், பூ அடர்ந்த ஊதா, உள்ளே நிற்கும் மகரந்தத் தாள்கள் அனைத்தும் ஊதாவாக இருக்கும். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் நாம் தேடும் செடி அதுவல்ல.

உண்மையான செண்டுடுக்கின் இலையைத் தேய்த்தால் சொரசொரப்பாக இருக்கும். முடி இலையோடு படிந்து கிடக்கும். அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் தெளிவாக ஓடும். பூவுக்குப் பெரும்பாலும் ஐந்து இதழ். நடுவில் இரண்டு வகை மகரந்தத் தாள்கள்: நீண்டு வளைந்த ஊதாத் தாள்கள், குட்டையான மஞ்சள் தாள்கள். பழம் பழுத்ததும் ஒழுங்கில்லாமல் வெடித்து, கருநீலச் சதையைக் காட்டும். வெள்ளைப் பூ பூக்கும் செண்டுடுக்கும் உண்டு. அதனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் இலை, தாள், பழம் மூன்றையும் பாருங்கள்.

2. இடம்

குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். அரை நிழலில் செடி சாகாது, ஆனால் தண்டு நீண்டு மெலிந்து, பூ நாலைந்தோடு நின்றுவிடும். பூ காலையில் விரிந்து ஒரே நாளில் முடிந்துவிடுவதால், கிழக்கு வெயில் விழும் இடம் மேல். வண்டு வரும் நேரமும் காலைதான்.

வரிசை வீடுகளில் சுவரையும் சிமெண்ட் கால்வாயையும் ஒட்டி நடாதீர்கள். மழைநீர் சிமெண்டில் பட்டு வடியும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அது சேரும் மண்ணில் இந்தச் செடிக்கு இரும்புச்சத்து கிடைக்காது. சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

வேலிக்கு வெளியே, கால்வாய்க்கும் சாலைக்கும் நடுவில் உள்ள புல்தரையில் நடும் ஆசை வரும். அது நம் இடமில்லை. புல் வெட்ட வருபவர்களின் இயந்திரம் எந்தச் செடியையும் பார்த்து விலகாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் வெயில் விழும் பால்கனியில் 35 சென்டிமீட்டர் அகலத் தொட்டி வைத்தாலே போதும்.

3. மண்: இதில் அவசரம் வேண்டாம்

செண்டுடுக் புளிப்பு மண்ணின் செடி. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து நிற்கும். பெரும்பாலான பயிர்களின் வேரை அது முடக்கும். இந்தச் செடியோ அந்த அலுமினியத்தை இலையில் சேர்த்து வைத்துக்கொண்டு நன்றாகவே வளர்கிறது. மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச் அளவு 4.5 முதல் 5.5 வரை இருப்பது நல்லது. மலேசியச் செம்மண் இயல்பிலேயே ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கிறது. கெடுப்பது நாம்தான்.

நர்சரி மூட்டைகளில் "தானா பாக்கார்" என்று வரும் சுட்ட மண்ணை வாங்காதீர்கள். அதிலுள்ள சாம்பல் புளிப்பைக் குறைத்துவிடும். உமிக்கரியும் அப்படியே. கோழி எரு மிகப் பெரிய வில்லங்கம்: முட்டைக் கோழிப் பண்ணை எருவில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கும். முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் எல்லாம் கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் போகட்டும், இதன் பக்கம் வேண்டாம். புதிய சிமெண்ட் தொட்டியும் கூடாது; அதன் சுவரே சுண்ணாம்பைக் கசியவிடும். பிளாஸ்டிக் அல்லது மண் தொட்டி எடுங்கள்.

தொட்டிக்குக் கலவை: செம்மண் இரண்டு பங்கு, பொடியில்லாத பருமனான ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலை ஒரு பங்கு. மணல் நீரை இறக்கிவிடும், இலைமக்கு ஈரத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். அடியில் கல் அடுக்குவது பழைய பழக்கம். அது நீர் வடிய உதவாது, வேருக்கு இருக்கும் இடத்தைத்தான் குறைக்கும். ஓட்டை அடையாமல் இருக்க ஒரு சிறு வலைத்துண்டு போதும்.

நிலத்தில் நடுவதானால் முதலில் ஒரு அடி ஆழம் தோண்டிப் பாருங்கள். புதிய தாமான்களில் மேலே புல்லும் கீழே கட்டட இடிபாடும் இருப்பது சகஜம். கைப்பிடி மண்ணைக் காயவைத்து வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று அர்த்தம். அரை மீட்டர் அகலமும் ஆழமும் உள்ள குழியெடுத்து அந்த மண்ணையே மாற்ற வேண்டும். நுரைக்கவில்லையென்றாலும் பி.எச் சோதனைத் தாளோ திரவமோ வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவு விலைக் கருவிகளை நம்ப முடியாது.

4. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

கூர்மையான செடிக் கத்தரி, அதைத் துடைக்க ஸ்பிரிட். பத்து சென்டிமீட்டர் சிறு தொட்டிகள் ஆறேழு. கோக்கோபீட்டும் ஆற்று மணலும். கோக்கோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கலாம். பெரிய தெளிவான பிளாஸ்டிக் பைகள், டீ வடிகட்டி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில். மழைநீர் பிடிக்க மூடியுள்ள வாளி ஒன்று. மூடி கட்டாயம், கொசுப் புழு இருந்தால் 1975 ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம் வரும்.

5. எங்கிருந்து எடுப்பது, எப்போது

தெரிந்தவர் வீட்டுச் செடி, அல்லது உரிமையாளரிடம் கேட்டு ஒரு தோட்டத்தின் ஓரம். பினாங்கு தேசியப் பூங்காவிலோ புக்கிட் நானாஸ் போன்ற காப்புக் காட்டிலோ ஒரு குச்சிகூட ஒடிக்கக் கூடாது. காட்டுச் செடியை வேரோடு பிடுங்கி வருவதும் வீண் வேலை. மெல்லிய வேர்கள் அறுந்து, பெரும்பாலும் இரண்டு வாரத்தில் வாடிவிடும். குச்சியோ விதையோதான் வழி.

குச்சி எந்த மாதமும் வைக்கலாம். நிலத்துக்கு மாற்றும் நாள்தான் மழையோடு ஒத்துப்போக வேண்டும். கோலாலம்பூரில் மார்ச் கடைசியும் அக்டோபரும் தோது. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி நன்றாகக் காயும். ஏப்ரல், மே அல்லது செப்டம்பரில் நடுங்கள். அதிலிருந்து மூன்று மாதம் பின்னால் எண்ணிக் குச்சி வையுங்கள்.

6. குச்சி வைப்பது

பூவோ மொட்டோ இல்லாத கிளையைத் தேர்ந்தெடுங்கள். மொட்டு இருந்தால் குச்சியிலுள்ள சேமிப்பு அதற்கே போய்விடும், வேர் வராது. நுனியின் பச்சைத் தண்டு அழுகும், அடியின் கெட்டித் தண்டு சோம்பும். நடுவில், வளைத்தால் வளைந்து பிறகு ஒடியும் பகுதிதான் சரி.

காலையில், தண்டில் நீர் நிறைந்திருக்கும்போது வெட்டுங்கள். நீளம் 10 முதல் 15 சென்டிமீட்டர், மூன்று நான்கு கணுக்கள். கீழ் வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், வேர் அங்கிருந்துதான் எளிதாக வரும். கீழ் இலைகளை நீக்கி, மேலே இரண்டு இலையை விட்டு அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். வேரில்லாத குச்சி இழக்கும் நீரைக் குறைக்கத்தான் இது. வேர்த்தூள் இருந்தால் தொட்டு வைக்கலாம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கோக்கோபீட்டும் மணலும் சமபங்கு. முதலில் ஒரு குச்சியால் துளையிட்டு, பிறகு செடிக்குச்சியை இறக்குங்கள். நேராகக் குத்தினால் அடிப்பட்டை உரியும். இரண்டு கணு மண்ணுக்குள் இருக்க வேண்டும். தொட்டியைப் பிளாஸ்டிக் பையால் மூடி, பை இலையில் ஒட்டாமல் உள்ளே இரண்டு குச்சி முட்டுக் கொடுங்கள். வெளிச்சம் வேண்டும், நேரடி வெயில் கூடாது. மூடிய பைக்குள் வெயில் விழுந்தால் குச்சி ஒரே மதியத்தில் வெந்துவிடும்.

நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். புதுத் தளிர் வந்ததும் வேர் வந்துவிட்டதென்று நினைத்துப் பிடுங்கிப் பார்ப்பது எல்லோரும் செய்யும் பிழை. தளிர், குச்சியின் சேமிப்பிலிருந்தும் வரும். மெல்ல இழுத்தால் மண் பிடித்துக்கொள்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிடித்தால் ஒரு வாரம் தினமும் பையைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்து, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரேயடியாகத் திறந்தால் வாடும்.

எட்டுக் குச்சி வைத்தால் நாலைந்து தேறும் என்ற கணக்கில் கூடுதலாகவே வையுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று வேறு வேறு தாய்ச்செடிகளிலிருந்து எடுங்கள். ஒரே செடியின் குச்சிகள் எல்லாம் ஒரே செடியின் நகல்கள்தான். ஒன்றுக்கு வரும் நோய் எல்லாவற்றுக்கும் வரும்.

7. விதையிலிருந்து வளர்ப்பவர்களுக்கு

பொறுமை உள்ளவர்களுக்கு இந்த வழி. வெடித்த பழம்தான் வேண்டும், வெடிக்காததில் விதை முற்றியிருக்காது. பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள், கறை போகாது. சதையைச் சிறு கிண்ணத் தண்ணீரில் பிசைந்து விடுங்கள். மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கும் தூள் போன்ற விதையை டீ வடிகட்டியில் மெல்லிய துணி போட்டு வடியுங்கள். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சை வரும், ஆகவே நீர் தெளியும்வரை அலசுங்கள். அன்றே விதைத்துவிடுவது நல்லது.

கலவை குச்சிக்குச் சொன்ன அதே கோக்கோபீட், மணல் கலவைதான், ஆனால் மேல்பகுதியைச் சலித்துப் போடுங்கள். கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் பாசியும் பூஞ்சையும் குறையும். விதையைக் கொஞ்சம் உலர்ந்த மணலோடு கலந்து மேலே தூவுங்கள். மண் போட்டு மூடாதீர்கள். இவ்வளவு சிறிய விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். மூடினால் மேலே வரும் பலமும் அதற்கு இல்லை. தண்ணீரை மேலே ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போகும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் அரை மணி நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, பிறகு எடுத்து வடியவிடுங்கள்.

மூன்று முதல் ஆறு வாரத்தில் ஊசிமுனை அளவு பச்சைப் புள்ளிகள் தெரியும். பாசி என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், இரண்டு இலை பிரிந்திருக்கிறதா என்று கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். மூடி வைத்திருந்தால் தினமும் பத்து நிமிடம் திறங்கள். காற்றில்லாத ஈரத்தில் நாற்று அடியோடு சாயும். நான்கு இலை விட்டதும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். பூ வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். குச்சிச் செடி அதைவிட முந்தும்.

8. நடுவது

செடி ஒரு அடி உயரம் வந்ததும், இரண்டு வாரம் மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்குங்கள். நிழலில் வளர்ந்த இலையை முதல் நாளே மதிய வெயிலில் வைத்தால் பழுப்புத் திட்டு விழும்.

மாலையில் நடுங்கள். செடிக்குச் செடி ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளி. தொட்டியில் இருந்த ஆழத்துக்கே நடுங்கள், தண்டைப் புதைக்காதீர்கள். சுற்றிலும் காய்ந்த இலையைக் கைவிரல் உயரத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் நான்கு விரல் அகலம் விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் ஈர இலை தண்டை ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும்.

மூன்று செடியாவது கூட்டமாக இருந்தால் நல்லது. ஒற்றைச் செடியில் சில நாள் பூவே இருக்காது. மூன்று செடியில் எப்போதும் ஏதாவது ஒன்று பூத்திருக்கும், வண்டும் வழியை மறக்காது.

9. தண்ணீர், உரம்

முதல் இரண்டு மாதம் மழை பெய்யாத நாளெல்லாம் தண்ணீர். பிறகு நிலத்துச் செடிக்கு வறண்ட வாரங்களில் மட்டும். தொட்டிச் செடியை முற்றிலும் காயவிடாதீர்கள், ஒருமுறை தலை தொங்கினால் நுனிக்கிளைகள் காய்ந்துவிடும். மழைநீர் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். வேரும் அழுகும், ஏடிஸ் கொசுவும் வளரும்.

நிலத்துச் செடிக்கு உரமே தேவையில்லை, உதிரும் இலை போதும். தொட்டிக்கு மட்டும், மெதுவாகக் கரையும் உரத்தைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் பாதி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை. தழைச்சத்து கூடினால் இலை பெருக்கும், பூ குறையும்.

10. வெட்டிவிடுவது

பூ கிளை நுனியில்தான் வரும். வெட்ட வெட்டக் கிளை கூடும், கிளை கூடினால் பூ கூடும். செடி இரண்டடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். மழை ஓய்ந்த காலையில் செய்தால் வெட்டு உலரும். எல்லாச் செடியையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். ஒன்றை வெட்டி, அது தளிர்த்த பிறகு அடுத்தது. இடையில் வண்டுக்குப் பூ இல்லாமல் போகக் கூடாது. பழத்தையும் கொஞ்சம் விட்டு வையுங்கள். பூக்கொத்திகளும் கொண்டைக்குருவிகளும் அதற்காகவே வரும்.

11. வண்டு வருவதற்கு

இந்தப் பூவில் தேன் கிடையாது. தருவது மகரந்தம் மட்டும், அதுவும் நுனியில் சிறு துளை மட்டுமே உள்ள மகரந்தப் பைக்குள் அடைபட்டிருக்கும். தச்சன் தேனீ பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவைக்கும். "ர்ர்ர்" என்ற அந்தச் சத்தத்தில் மகரந்தம் பீச்சியடிக்கும். மஞ்சள் தாள்களின் மகரந்தத்தை அது உணவுக்கு எடுத்துக்கொள்ளும். ஊதாத் தாள்களின் மகரந்தம் அதன் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும். சாதாரணத் தேனீயால் இப்படி அதிரவைக்க முடியாது. அதனால் தேனீக் கூட்டம் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள். காலை ஏழரையிலிருந்து பத்தரைவரை நின்று பாருங்கள், வருவது பெரிய கருவண்டாக இருக்கும். பெண் வண்டுக்குக் கொடுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்து நசுக்காதவரை கொட்டாது. ஆண் வண்டுக்குக் கொடுக்கே இல்லை.

தேன் வேறு எங்காவது கிடைத்தால்தான் வண்டு அந்த வட்டாரத்தில் தங்கும். முருங்கை, துவரை, அவரை மூன்றும் அதற்குப் பிடித்தவை, நம் வீடுகளில் ஏற்கனவே இருப்பவையும்கூட. கத்தரியும் தக்காளியும் பக்கத்தில் இருந்தால் அவற்றின் பூவும் இதே அதிர்வால் பயன் பெறும்.

கூடு கட்ட, நன்றாகக் காய்ந்த மென்மரக் கட்டை ஒன்று வையுங்கள்: கையளவு பருமன், இரண்டடி நீளம், சாயமோ வார்னிஷோ பூசாதது. மழை படாத இடத்தில் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிடலாம். வீட்டு உத்தரத்தைத் துளைக்குமோ என்ற பயம் நியாயமானது. பெயிண்ட் அடித்த மரத்தை அது பெரும்பாலும் தொடாது.

12. எது கெடுகிறது, ஏன்

*இலை மஞ்சள், நரம்பு பச்சை.* மண்ணில் சுண்ணாம்பு ஏறிவிட்டது, அதனால் இரும்பை எடுக்க முடியவில்லை. உரம் போட்டால் தீராது. தொட்டியானால் மண்ணை முழுதாக மாற்றுங்கள். நிலமானால் கந்தகத் தூளைச் சதுர மீட்டருக்கு 30 கிராம் தூவிக் கிளறி, இரண்டு மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். கந்தகம் மெதுவாகத்தான் வேலை செய்யும். பொறுக்காமல் மேலும் மேலும் போட்டால் வேர் கருகும்.

*மொட்டு வருகிறது, விரியாமல் உதிர்கிறது.* பெரும்பாலும் தொட்டி ஒருநாள் காய்ந்து மறுநாள் நனைந்ததால். தொட்டி சிறிதாக இருந்தால் இது ஓயாது.

*மாவுப்பூச்சி, செதில் பூச்சி.* எறும்பு ஏறுவதைப் பார்த்தாலே தேடுங்கள். தண்ணீரைப் பீச்சியடித்து, மிச்சத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். வேரில் ஊற்றும் பூச்சிமருந்தும், இமிடாகுளோபிரிட் கலந்த எதுவும் கூடாது. அது செடியெங்கும் ஏறி மகரந்தத்தில் சேரும். மகரந்தத்தைத் தவிர வேறெதையும் தராத பூவில் நஞ்சு ஏறினால், வண்டு தன் குஞ்சுக்குக் கொண்டுபோவது அந்த நஞ்சைத்தான். நர்சரியில் செடி வாங்கினால் மருந்து ஊற்றினார்களா என்று கேளுங்கள்.

*இலையில் ஓட்டை.* புழு தின்றிருக்கும். விட்டுவிடுங்கள், செடி தாங்கும்.

*திடீரென்று வண்டு வரவில்லை.* டெங்கிக்காகத் தாமானில் புகை அடித்திருப்பார்கள். அந்தப் புகை கொசுவோடு தேனீயையும் கொல்லும். அதைத் தடுக்கும் வழி, கொசு வளரும் தண்ணீரை அண்டை வீட்டாரோடு சேர்ந்து முதலிலேயே ஒழிப்பதுதான். செடியில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள். பூத்துக்கொண்டே இருக்கட்டும், அக்கம்பக்கத்தில் பிழைத்த வண்டுகள் இருந்தால் சில வாரங்களில் வந்துவிடும்.